சிம்னியில் முட்டித் திரும்பிய படம்

எண்ணூர்ப் பக்கத்தில் பழைய சிம்னி ஒன்று இடிந்து விழும் வீடியோவைத் தம்பி மகன் அனுப்பியிருந்தான். "அத்த, உங்க சிம்னி போச்சு" என்று கீழே ஒரு வரி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிம்னி எங்களைப் படுத்திய பாடு அவனுக்கு எங்கே தெரியும்!

எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் யார் வந்தாலும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொருவர். கதாநாயகனும் இரண்டு, கதாநாயகியும் இரண்டு. பழகிப் போய் அதைக் குறையாகவே நாங்கள் நினைத்ததில்லை.

நான் டிவியில் பாடப் போகிறேன் என்றதும்தான் அது குறையானது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த எங்களில் எட்டுப் பேரை மகளிர் நிகழ்ச்சியில் சேர்ந்து பாடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இரண்டாவது வரிசை. பாட்டைப் பதிவு செய்து, ஒரு ஞாயிறு மாலை போடுவதாகச் சொன்னார்கள். துறைமுகத்தில் மூட்டை விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்த நைனா, "எம் பொண்ண தெளிவா பாக்கணும்" என்று பிடிவாதமாக இருந்தார். எனக்கோ என்னையே பார்க்க ஆசை.

பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக் பாய் வந்து மொட்டைமாடியில் நின்று யோசித்தார். "நேரா வர்றது ஒண்ணு, சிம்னில முட்டிகினு வர்றது ஒண்ணு. ரெண்டும் பேஜாரு பண்ணிகினு கீது. நேரா வர்றத வுட்டுடு, முட்டிகினு வர்றத புடி" என்று, டிவி கோபுரம் இருந்த நகரத்தைப் பார்த்திருந்த ஆன்டெனாவை வடக்கே சிம்னியைப் பார்க்கத் திருப்பிவிட்டார். தெருவே சிரித்தது. ஆனால் படம் ஒன்றாகிவிட்டது.

ஞாயிறன்று கடல்காற்று ஆன்டெனாவை அசைத்துவிட்டது. நிகழ்ச்சி தொடங்கும் நேரம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பட்டுப்புடவையோடு நானே மாடிக்கு ஓடினேன். குழாயைப் பிடித்தால் படம் வந்தது, விட்டால் புள்ளி புள்ளியாகப் போனது.

"தெரியுது! கைய எடுக்காத!" கீழேயிருந்து அம்மாவின் குரல். அப்புறம் எங்கள் பாட்டு. ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. விட்டிருந்தால் நைனாவுக்கும் இல்லாமல் போயிருக்கும். சிம்னியைப் பார்த்தபடி நின்றேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இறங்கி வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "எப்டி இருந்தேன் நைனா?"

"ஒரே ஆளா இருந்த கண்ணு. தெத்துப்பல்லு தெரிய சிரிச்ச பாரு, அதான் ஷோக்கு."

தெத்துப்பல் தெரியாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு கேட்கும்போதெல்லாம் ஒரு விவரம் கூடும். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் என் பச்சைப் புடவையைப் பார்த்ததாகக்கூடச் சாதிப்பார்.

அந்த நிகழ்ச்சியின் பதிவு இல்லை என்று டிவி நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு எட்டுப் பெண்கள் பாடியதுதான் ஞாபகம். நைனா ஒருவர்தான் என்னை மட்டும் பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று கேட்க இப்போது எனக்கு ஆளில்லை.