காங்குராங்கின் காலும் நான் ஓடிய ஓட்டமும்

எனக்கு வயது எழுபத்தி நாலு. பெற்றது நாலு, அக்கா விட்டுப்போன ஒன்றோடு வளர்த்தது ஐந்து. பிரெஞ்சு பேசுகிற ஊரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு சமூக மண்டபத்தைப் பத்தொன்பது வருஷமாய் கிளீன் பண்ணுகிறேன். சப்பாத்து மண்ணோடு உள்ளே வரும் பொடியள் பயப்படுகிற ஒரே ஆள் நான்தான். வேலைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்; நான் சொல்லச் சொல்ல எழுதுகிற கை பேத்தி மதுராவுடையது.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை, குசினி மூலையில் ஒரு சாக்கு நிறையச் சிவப்பு நார் இருந்தது. பானை தேய்க்கிற தேங்காய்ப் பொச்சு என்று நினைத்தேன். அடிப்பிடித்த சோற்றுப் பானையை அதால் தேய்த்தேன். நன்றாகப் போனது. இன்னும் இரண்டு கைப்பிடி எடுத்தேன்.

செனகல்காரர் லாமின் வந்தார். பானையைப் பார்த்தார், அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மதாம், நீங்கள் தேய்ச்சது காங்குராங்கின்ர கால்."

அவருடைய ஊரில் பொடியளைக் காட்டில் வைத்துப் பெரிய மனிதராக்கும் சடங்கு உண்டாம். அப்போது காவலுக்கு வருவது காங்குராங். உச்சி முதல் கால் வரை சிவப்பு மரப்பட்டை நாரால் ஆளை மூடின உருவம்.

"அங்கையே இப்ப குறைவு, மதாம். இங்கை பிறந்த பொடியளுக்கு ஒருக்கால் எண்டாலும் காட்டவேணும். மூண்டு மணிக்கு வருவினம்."

கெட்ட காலுக்குப் பதிலாய் வேறு தைக்க, வாசலில் கிடந்த தும்புக் கால்மிதியை எடுத்து வெட்டினேன். பீட்ரூட் சாற்றில் தோய்த்தேன்.

"பெண்கள் இதைப் பார்க்கவே கூடாது," என்றார் லாமின்.

"கண்ணை மூடிக்கொண்டு தைக்கேலாது, தம்பி. நீர் அங்காலை திரும்பி நில்லும். நான் பார்த்தது ஆருக்குத் தெரியும்?"

"அது வெளியிலை வந்தால் பெண்கள் ஓடி ஒளியவேணும். அதுதான் வழக்கம்."

"நான் ஒருத்தருக்கும் ஓடினதில்லை."

மூன்று மணிக்குக் காங்குராங் வந்தது. உள்ளே ஆர் என்று எழுதமாட்டேன். ஊரில் இரண்டு கத்திகளை உரசிக்கொண்டு வருமாம்; மண்டபத்தில் கத்திக்கு அனுமதியில்லை என்பதால் இரண்டு அகப்பைகளை உரசிக்கொண்டு வந்தது. தாய்மார் ஓடவில்லை, போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு பொடியன் காங்குராங்கின் காலைச் சுட்டிக் காட்டினான். அதில் 'பியன்வெனு', நல்வரவு, என்று பாதி எழுத்துத் தெரிந்தது.

"அது எங்கட கால்மிதியெல்லோ?"

எல்லாரும் சிரித்தார்கள். காங்குராங் அப்படியே நின்றது. அகப்பைகள் தாழ்ந்துவிட்டன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நான் கெடுத்த கால் அது.

மொப்பை எறிந்தேன். வீரிட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன்.

நான் ஓடுவதைக் கண்டதும் பொடியளின் சிரிப்பு நின்றது. பேந்து அவர்களும் ஓடினார்கள், பின்னால் தாய்மாரும். மொப்பும் தும்புத்தடியும் வைக்கிற அறைக்குள் பதின்மூன்று பேர். வெளியே அகப்பைச் சத்தம் சந்தோஷமாய் வந்துகொண்டிருந்தது.

"மதாம், பிடிச்சா என்ன செய்யும்?" என்று கேட்டான் கால்மிதியைக் கண்டுபிடித்தவன்.

"எனக்கே தெரியாது. மூச்சு விடாதை."

புதிதாய் வேலைக்கு வருகிறவர்களே, ஒன்றைத் தொடமுன் அது ஆருடையது என்று கேளுங்கள். கேட்காமல் தொட்டால் ஓடவும் தெரிந்திருக்க வேண்டும்.

மதுரா, இதை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு பிள்ளை. நான் ஓடின இடத்தை வேகமாய் வாசி.