கூறைச்சேலையின் மறுமுனை

என் கேமராவில் படத்தின் வடிவத்தை மாற்ற ஒரு சின்னப் பட்டியல் உண்டு. மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று, பதினாறுக்கு ஒன்பது, கடைசியில் ஒன்றுக்கு ஒன்று. வாங்கிய வாரமே அந்தக் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு மாற்றவே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து நடுவில் ஒரு சதுரம் மட்டும் மிஞ்சும்.

மில்லில் நூல் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. இழையில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். நீளமான படத்தைக் கொடுத்தால் அந்தக் கண் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. சதுரத்தில் அதற்குப் போக வழியில்லை, உள்ளேயே சுற்றி வருகிறது. கேமராவைப் படுக்கையாகப் பிடிப்பதா நிமிர்த்திப் பிடிப்பதா என்ற குழப்பமும் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற ஒரே கேள்விதான். இன்றைய கேமராக்களால் எவ்வளவு அகலத்தையும் அள்ளிவர முடியும். அதனாலேயே எனக்கு அள்ளாமல் விடுவது பிடித்துப்போனது.

கணவர் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் படம் எடுக்கத் தொடங்கினேன். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் தம்பி. என்னைவிடப் பத்து வயது இளையவன். பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேன். சென்னிமலையில் கடைக்குள் அடுக்கிய பெட்ஷீட்டுகள், கொடுமுடி படித்துறையில் பிழிந்து வைத்த வேட்டி, சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மேலிருந்து பார்த்த மல்லிகைக் கூடை. எல்லாம் சதுரம்.

“ஏனுங்க்கா, பாதிச் சந்தையைக் காணோமே” என்பான் திரையை எட்டிப் பார்த்து. “காசு போட்டு வாங்குன கேமராவுல மூணுல ஒரு பங்குக்குக் கறுப்படிச்சு வெச்சுப்போட்டீங்க.”

“ஓரத்துல நிக்கறது போனாத்தான் நடுவுல இருக்கறது நிக்கும்” என்பேன் நான். அவனுக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நாளடைவில் அவனும் செல்போனில் சதுரமாகவே எடுக்க ஆரம்பித்தான்.

முப்பத்தெட்டு வயதுவரை அவனுக்குப் பெண் அமையவில்லை. எங்கள் பக்கம் இது இப்போது யாருக்கும் புதுசில்லை. ஒருவழியாகத் திருப்பூர்ப் பக்கம் அமைந்தது. அப்போதுதான் இணைச்சீர் பற்றிய பேச்சு வந்தது.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் நின்று செய்துகொள்ளும் சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில் இருக்கும், மறுமுனை அவள் கையில். மனைவி வந்த பிறகும் உடன்பிறந்தவளின் இடம் அப்படியே இருக்கும் என்று ஊரறியச் சொல்வது. கணவனை இழந்தவளை அதற்கு நிறுத்தமாட்டார்கள். சித்தப்பா மகள் யாரையாவது நிறுத்திக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நடக்குமென்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே சின்னம்மா ஆரம்பித்தார். “அவளை நிக்க வெச்சு நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு யாரைப் பேசும்?”

“என்னையப் பேசட்டுமுங்க” என்றான் தம்பி. “எனக்கு இருக்கறது ஒரே அக்கா. அவிய நிக்கலீன்னா இணைச்சீரே வேண்டாமுங்க. நேரா தாலி கட்டிக்கறேன்.”

சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் பெரியவர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீயே புடிச்சுக்கோ, அம்மணி” என்றார்.

மறுநாள் அடர்பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். அது ஆறு வருடமாக பீரோவிலேயே இருந்த சேலை. போட்டோ எடுப்பவர் எங்கள் தெருமுனை ஸ்டுடியோக்காரர்தான். “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சேலை விரிஞ்சு தெரியட்டும்” என்றார். தள்ளி நின்றேன். அந்த ஒரு படத்துக்குப் பிறகு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். மற்ற நேரமெல்லாம் என் கேமராவோடு கூட்டத்தில் இருந்தேன். ஆகவே அந்தக் கல்யாணத்தில் நான் இருக்கும் படம் அது ஒன்றுதான். அதற்காகக் காத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பியும் அவன் மனைவியும் ஆல்பம் கொண்டுவந்தார்கள். பட்டுத்துணி ஒட்டிய பெட்டி, உள்ளே பன்னிரண்டு அங்குலச் சதுரம்.

“உங்களுக்குப் புடிக்குமேன்னு சதுரத்துலயே போடச் சொல்லிட்டேனுங்க. உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு, மாமனார் ஊட்டுக்கு ஒண்ணு” என்றான்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இணைச்சீர் பக்கம் வந்தது. நடுவில் தலைப்பாகையோடு தம்பி. அவன் கக்கத்திலிருந்து கூறைச்சேலை வலப்பக்கமாக விரிந்து போய்ப் படத்தின் விளிம்பில் முடிந்தது. அதைப் பிடித்திருக்கும் கை இல்லை. விளிம்பை ஒட்டி ஓர் இழை கனத்துக்குப் பச்சை நிறம். வேறு யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

“நான் எங்க, தம்பி?”

“சதுரத்துல அடங்கலீங்க்கா. ஸ்டுடியோக்காரரும் எப்படியெப்படியோ பார்த்தாரு.” பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: “நீங்களே சொல்லுவீங்களே, ஓரத்துல நிக்கறது போனாத்தான்னு.”

அவன் மனைவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நானும் சிரித்தேன். கணக்குச் சரிதான். மூன்றுக்கு இரண்டாக எடுத்த படத்தைச் சதுரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு போகத்தான் வேண்டும். அன்று டைரியில், ஆல்பம் வந்தது, அச்சு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

என் படங்களை அச்சடிப்பதும் அதே ஸ்டுடியோவில்தான். அடுத்த முறை போனபோது அந்தப் படத்தின் முழு வடிவம் இருந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். தம்பி, சேலை, நான். நான் நிமிர்ந்து நின்றிருந்தேன். அப்படி நின்றது எனக்கே நினைவில்லை.

“பாவம், சதுரத்துல அடக்க நீங்களும் ரொம்பச் சிரமப்பட்டீங்களாமே” என்றேன். ஒரு மரியாதைக்குத்தான் சொன்னேன்.

அவர் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன சிரமமுங்க? மேலயும் கீழயும் வெள்ளை விட்டா முழுப்படமும் அந்தப் பக்கத்துல உக்காந்துக்குமுங்க. மொதல்ல அப்படித்தான் டிசைன் பண்ணி உங்க தம்பிக்கு அனுப்பிச்சேன்.”

“அப்புறம்?”

“பச்சைச் சேலை வேண்டாம்னு பதில் போட்டாருங்க.” மவுஸை மறுபடி பிடித்துக்கொண்டு, “நீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்க ஊட்டு விசயம், நான் என்னத்தைக் கேக்கறது” என்றார்.

அக்கா வேண்டாம் என்றுகூட அவன் எழுதவில்லை. பச்சைச் சேலை. வீட்டுக்கு நடந்து வரும்போது அதையேதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். வேறு காரணம் சொல்லியிருந்தால், அல்லது காரணமே சொல்லாமல் இருந்திருந்தால், இவ்வளவு உறைத்திருக்காது. எனக்குப் பிடித்த வடிவத்தை எடுத்து, என் வாக்கியத்தையே என்னிடம் திருப்பிச் சொல்லி, என்னைச் சிரிக்கவும் வைத்துவிட்டான்.

முழுப்படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் அச்சடித்து வாங்கினேன். ஆல்பத்தின் பக்கமும் பன்னிரண்டு அங்குல உயரம் என்பதால் இரண்டு படங்களிலும் தம்பி ஒரே அளவில் இருந்தான். அந்தப் பக்கத்திலேயே அதை வைத்தேன். ஆறு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பெட்டியின் மூடி மூடவில்லை. அப்படியே மேசைமேல் விட்டுவிட்டேன்.

ஞாயிறன்று தம்பி மட்டும் வந்தான். வாசலிலேயே, “அக்கா, சத்திக்குப் போலாமுங்களா? ஆத்துல தண்ணி உட்டிருக்காங்க” என்றான். உள்ளே வந்தவன் மேசையைப் பார்த்தான். “இதென்னுங்க நீட்டிட்டு இருக்குது? வெட்டிக் குடுக்கட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஆல்பத்தைத் திறந்தான்.

“மேலயும் கீழயும் வெள்ளை விட்டா அடங்குமாமே” என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தான். வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். “மாமனார் ஊட்டுக்கு ஒரு ஆல்பம் போகுதுங்க்கா. நல்லது கெட்டதுக்கு வாரவிய எல்லாம் எடுத்துப் பார்ப்பாங்க. ஒருத்தர் இல்லீன்னா ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லுவாங்க.”

“மேடையில எல்லாரும் பார்த்தாங்களேப்பா. நீதானே நிறுத்துன?”

“பார்த்தது மறந்துபோகுமுங்க. படம் இருக்குமில்லீங்களா.”

படம் இருக்கும். அதை நம்பித்தான் நானும் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

“சரி, அந்த ஊட்டு ஆல்பத்துல வெட்டுன. எனக்குக் குடுத்ததுலயும் ஏன்?”

“மூணும் ஒரே டிசைனுங்க. தனியாப் போடோணும்னா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“இந்தத் துணி எங்க போய் முடியுதுன்னு அங்க யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?”

“கேக்கமாட்டாங்க” என்றான்.

பிறகு எழுந்து, “கேமராவை எடுத்துக்குங்க, வெயிலுக்கு முன்னாடி போய்ட்டு வந்தர்லாம்” என்றான்.

“நான் வரலை. நீ போய்ட்டு வா, கண்ணு.”

கண்ணு என்ற சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது ஆல்பத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்திப் பார்த்தான். படத்தை மடக்கவும் அவனுக்குக் கை வரவில்லை, உருவி எடுக்கவும் வரவில்லை. மூடியைச் சாய்வாக மேலே வைத்துவிட்டுப் போனான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கிறேன். சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போகிறேன். வடிவத்தையும் மாற்றவில்லை. அந்தப் பெட்டி மேசைமேல் அப்படியேதான் இருக்கிறது. தூசு தட்டும்போது மூடியை எடுத்து, துடைத்து, மறுபடியும் சாய்வாகவே வைக்கிறேன்.