ஒன்றுமில்லாத கோட்டையைக் காட்டிப் பிழைத்தேன்

எல்லா வியாபாரிகளும் இருக்கிற சரக்கைக் காட்டி விற்பார்கள். என்றைக்கோ இல்லாமல் போன சரக்கை விற்கவேண்டியவன் சுற்றுலா வழிகாட்டி ஒருவன்தான். துணிக்கடைச் சிப்பந்திகளே, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, வாய் வலிக்கப் பேசிவிட்டு 'அப்புறம் பாக்கலாம்' என்ற பதிலோடு வீடு திரும்பும் சகல ஜீவன்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் மலைக்கோட்டைதான் எனக்குப் பிழைப்பு. சர்க்கார் உத்தியோகம் இல்லை. அடிவாரத்தில் காதர் பாயின் சோடாக்கடை நிழலில் நிற்பேன். பழநிக்குப் போகிற வழியில் இறங்குகிறவர்களை மடக்கி மேலே கூட்டிப்போவேன். மேலே சுவர் உண்டு, மண்டபம் உண்டு, காற்று உண்டு. மிச்சத்தை நான் வாயால் நிரப்பவேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண்தான் கிடைக்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. போதாக்குறைக்கு, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் 'கல்லைக் காட்டுறார்' என்று தரகர் சொல்லவேண்டியிருந்தது. வயது முப்பதை நெருங்கியது. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான்.

சாமி இல்லாத கோயில்

மலை உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே சாமி இல்லை. அந்தக் காலத்துச் சண்டை சச்சரவில் சிலைகளைக் கீழே ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இதை நான் எப்போதும் மலையேறி முடித்த பிறகுதான் சொல்வேன். முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் சேவுகம்பட்டியிலிருந்து ஓர் அம்மாள் தேங்காய், பழத்தட்டோடு வெயிலில் ஏறி வந்தார். வெறும் கருவறையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இன்றைக்கு நமக்கு அர்ச்சனைதான் என்று நான் தள்ளி நின்றேன். அவரோ சாவகாசமாகத் தேங்காயை உடைத்தார், சூடம் ஏற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிதான் இல்லையே ஆத்தா?" என்றேன். "இல்லாட்டிப் போகட்டும் அப்பு. என்னைக்காச்சும் திரும்பி வந்தா, ஒரு மனுசரும் எட்டிப் பாக்கலையேன்னு அது சங்கடப்படக் கூடாதுல்ல" என்றார்.

பூட்டு எங்கே?

திண்டுக்கல் என்றால் பூட்டு என்று ஊருலகத்துக்குத் தெரியும். ஒரு காய்கறி மண்டிக்காரர் கோட்டை வாசலைத் தடவித் தடவிப் பார்த்தார். இறங்கி வந்ததும் சண்டைக்கு நின்றார். இவ்வளவு பெரிய கோட்டைக்கு ஒரு பூட்டுகூட இல்லையாம், பூட்டு ஊர் என்று பேர் மட்டும் எதற்காம்.

நான் வாயைத் திறக்குமுன் காதர் பாய் சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாயக்கரு, மைசூர்க்காரரு, வெள்ளைக்காரன்னு ஆளாளுக்கு உள்ள புகுந்து போனப்புறம்தானே மொதலாளி எங்க ஊருக்காரனுக்குப் பூட்டு செய்யணும்னே தோணுச்சு!"

யார் சமைத்தது?

மதராஸிலிருந்து ஒரு தம்பதி. கணவர் கழுத்தில் காமிரா. பீரங்கி மேடையில் ஏறி நின்று நான் சண்டையை நடத்திக் காட்டினேன். எனக்கே மூச்சு வாங்கியது. அவர் ஆஹா ஆஹா என்றார். அந்த அம்மாள் மட்டும் குடையைப் பிடித்தபடி மண்டபம் மண்டபமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் என்னிடம் வந்தார். "யார் ஆண்டாங்கன்னு நாலு தடவை சொல்லிட்டீங்க. இத்தனை பேருக்கும் யார் சமைச்சாங்கன்னு ஒரு தடவையாவது சொல்லுங்களேன்" என்றார்.

கோட்டை பார்க்க வந்தவர்கள்

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. மறுநாளே, சும்மா கிடந்த ஒரு மண்டபத்தைச் சமையல்கட்டு ஆக்கிவிட்டேன். இங்கே அண்டா, இங்கே அடுப்பு, இங்கே வீரர்கள் பந்தி என்று கையை நீட்டினால் கூட்டம் வாயைப் பிளந்தது. பொய்யும் சரக்குதானே!

அப்போதுதான் தரகர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். பெண்ணோடு கோட்டை பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையையும் அப்படியே பார்த்துக்கொள்வார்களாம். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. பீரங்கியை வெடித்தேன், குதிரையை ஓட்டினேன், சமையல்கட்டில் நின்று பந்தி பரிமாறினேன். பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இம்புட்டுப் பேத்துக்கும் தண்ணிக்கு என்னங்க பண்ணுனாங்க?" என்றார். பாறைச் சுனைக்குக் கூட்டிப்போனேன். மழைத் தண்ணீர் தளும்பி நின்றது. கையால் அள்ளிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கோட்டையில இருக்குதுங்க. உங்க வூட்டுல இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பெண் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நாளைக்குக் குடத்தோடு தெருவில் நிற்கப்போகிறவள் இவள்தானே என்று நினைத்தேன். "இல்லைங்க. குழாயில என்னைக்கு வருதோ அன்னைக்குத்தான்" என்றேன்.

கீழே இறங்கினோம். காதர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சோடாவைச் சத்தமில்லாமல் உடைக்க முயன்றார். அதுவரை வாயே திறக்காத பெண் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஏனுங்கப்பா, கரியே படியாத செவுத்தச் சமையக்கட்டுன்னு சாதிச்சவரு, தண்ணிய மட்டும் இல்லைன்னு நெசத்தச் சொல்லிப்போட்டாருங்க. பொய்யெல்லாம் பொழப்புக்குத்தானுங்க, வூட்டுக்கு இல்லீங்க."

ஒன்றுமில்லாத கோட்டையைக் காட்டிப் பெண் கட்டியவன் திண்டுக்கல்லில் நான் ஒருவன்தான். 'தண்ணி புடிக்கறது மாப்பிள்ளை பொறுப்பு' என்ற மாமனாரின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, காலமெல்லாம் குழாயடியில் பெண்களோடு குடம் வைத்துச் சண்டை போட்டவனும் நான் ஒருவன்தான்.