மேலுதட்டுக்கு ஒரு விளிம்பு

என் வீட்டுக்காரருக்கு 'வாய்க்காரர்' என்று பட்டப்பெயர். சிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் கூட்டிக் கழித்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர். வாய் எனக்கு, பட்டம் அவருக்கு. டிரம்பெட், டிராம்போன் வாசிப்பவர்கள் உதட்டில் வைத்து ஊதுகிற சின்னப் பித்தளைத் துண்டை, அந்த மவுத்பீஸை, லேத்தில் கடைந்து கொடுப்பதுதான் அவர் தொழில். அதனால் வந்த பெயர்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவர் கடைவார், நான் மெருகேற்றித் துணியில் சுற்றி வைப்பேன். பித்தளைச் சீவல் என் தலைமுடியில் இருக்கும், உலர்த்திய துணியில் இருக்கும், சில நாள் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும். கல்யாணமான புதிதில் மனுஷர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அடேயப்பா, எவ்வளவு ஆசை என்று நானும் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். பிறகுதான் தெரிந்தது, எனக்கு எவ்வளவு அகல விளிம்பு பொருந்தும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். எங்கே போய் முட்டிக்கொள்வது!

வேலையில் மட்டும் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. ஊதுகிறவர்கள் வந்து, பித்தளையா ஸ்டீலா, எதில் சத்தம் நன்றாக வரும் என்று பட்டறையையே இரண்டாக்குவார்கள். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சத்தம் உள்ள இருக்கிற குழியில இருக்கு. உலோகம் உதட்டுக்கு" என்பார். குழி ஆழமாக இருந்தால் சத்தம் கனிந்து வரும். ஆழம் குறைந்தால் மேல் சுரம் சுலபமாக ஏறும், ஆனால் கீச்சென்று இருக்கும். விளிம்பு அகலமானால் உதடு சீக்கிரம் களைக்காது, ஆனால் இஷ்டத்துக்கு அசையவும் விடாது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்ளும். வெள்ளி முலாம் உதட்டைப் பிடித்து நிற்கும், தங்க முலாம் வழுக்கும், வெறும் பித்தளை பட்டால் சிலருக்குப் புண்ணாகும். எந்த உதட்டுக்கும் ஒரு விளிம்பு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அவருக்கு ஒரே தம்பி. ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் முதல் டிரம்பெட். எனக்குக் கொழுந்தன் என்றாலும் பிள்ளை மாதிரிதான். அவனுக்குக் கல்யாணம், குடும்பம் எதுவும் கிடையாது. அந்த டிரம்பெட்தான் எல்லாம்.

அவன் மேலுதட்டில், மவுத்பீஸ் உட்காருகிற அதே இடத்தில், ஒரு சின்னப் புண் வந்தது. டிரம்பெட்காரர் உதட்டில் புண்ணும் தழும்பும் இல்லாமலா? யாரும் கண்டுகொள்ளவில்லை. "வெள்ளி தேஞ்சு பித்தளை தெரியுது, அதான்" என்று இவர் மறுபடி முலாம் பூசிக் கொடுத்தார். ஆறவில்லை. "உள்விளிம்பு கூரா இருக்கு" என்று மழுக்கினார். பிறகு தங்க முலாம். அதற்கும் பிறகு, பாரம் வேறு இடத்தில் விழுகிற மாதிரி அகல விளிம்பாக ஒன்று. ஒவ்வொரு தடவையும் அழுத்துகிற இடம் மாறுவதால் வலி கொஞ்சம் குறையும். அண்ணனும் தம்பியும் ஜெயித்துவிட்டதாகச் சிரித்துக்கொள்வார்கள்.

"புண்ணுக்கு மருந்து போடாம மவுத்பீஸுக்கு வைத்தியம் பாக்கறீங்களே! டாக்டர்கிட்ட காட்டித் தொலைங்களேன்" என்று கத்தினேன்.

"அண்ணனைவிட என் உதடு எந்த டாக்டருக்கு அண்ணி தெரியும்?" என்றான் கொழுந்தன். இவர் என் கத்தலைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக, உலோகமே உதட்டில் படக்கூடாது என்று விளிம்பை மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கடைந்து, பித்தளைக் கிண்ணத்தின் மேல் திருகிக் கொடுத்தார். அவன் ஊதிவிட்டுக் கீழே வைத்தான். நான் மெருகு பார்க்க எடுத்தேன். வெள்ளையைச் சுற்றிச் சிவப்பாகக் கறை. பித்தளையில் இத்தனை நாளும் துடைத்துத் துடைத்து மறைத்திருக்கிறான். பிளாஸ்டிக்கில் அது போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த லேத்தை நானே அணைத்துவிட்டு, இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கேன்சர் என்று வந்தது.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க? ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்னத் தையலோட போயிருக்கும்" என்றார்.

இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்த மவுத்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்தேன், அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? உயிர் தப்பியது. ஆபரேஷனில் மேலுதட்டில் பாதி போயிற்று.

தையல் ஆறியதும் இவர் மெழுகை இளக்கி அந்த உதட்டை அச்செடுத்தார். ஒரு பக்கம் தாழ்ந்த விளிம்பு, வட்டமாகவே கடைகிற லேத்தில் வராது என்று அரத்தால் கையாலேயே ராவினார். கொழுந்தன் வந்து ஊதினான். காற்றுதான் வந்தது. "துளை பெரிசாயிடுச்சு. நாளைக்கு மாத்திடறேன்" என்றார். மறுநாளும் காற்று. "குழி ஆழம்" என்றார். வந்த வேலை எதையும் தொடுவதில்லை. சாயங்காலமானால் அவன் வருவான், ஊதுவான், "நேத்தைக்கு இன்னிக்கு தேவலைண்ணா" என்பான். எனக்கும் காது இருக்கிறது. தேவலையாவது மண்ணாவது! 'பாவி மனுஷா, போதும்' என்று நாக்கு நுனி வரை வரும். தம்பியின் நம்பிக்கையை உடைப்பானேன் என்று விழுங்கிக்கொள்வேன்.

ஒரு நாள் இவர் தேய்க்கிற எமரித் தாள் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணனை நிறுத்தச் சொல்லுங்க அண்ணி."

"நீதானேப்பா தேவலைன்னு சொல்றே?"

"இனிமே வராது அண்ணி. முதல் தடவை ஊதினப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குடா தினமும் வந்து ஊதறே?"

"சும்மா உக்காந்தா அண்ணன் என் மூஞ்சியைப் பாத்து அழறாரு. வேலை இருந்தா அழ மாட்டேங்கறாரு, அதான் வந்தேன்." தழும்பைத் தொட்டுக்கொண்டான். "இப்ப தாங்க முடியல அண்ணி. ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் உயிர் போகுது."

அவன் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அதற்குள் இவர் வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக அரத்தையும் மவுத்பீஸையும் கையில் எடுத்தார். நான் எதிரில் போய் நின்று, கொழுந்தன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அரத்தைக் கீழே வைத்தார். பிறகு தம்பியிடம், "வலிக்குதாடா?" என்றார்.

அவன் தலையாட்டினான்.

"முதல்ல புண்ணு வந்தப்பவும் இப்படித்தான் வலிச்சுதா?"

கொழுந்தன் அண்ணன் கையிலிருந்த மவுத்பீஸை மெல்ல வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிட வாண்ணா" என்றான்.