காலியாக விட வேண்டிய கட்டம்

பாட்டில் தொழிற்சாலையில் தம்பி பதினோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே வெள்ளை வெளிச்சத் திரை. அதற்கு முன்னால் பட்டையில் வரிசையாகப் பாட்டில்கள் ஓடும். முடி அளவு வெடிப்போ கடுகளவு குமிழோ கண்ணில் பட்டால் அந்த ஒன்றை மட்டும் விரலால் சுண்டித் தொட்டியில் தள்ள வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் கண்ணுக்கு ஓய்வு. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போவார்கள். இவன் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கும்போதும் கண்ணாடித் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். கூட வேலை செய்தவர்கள் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரில் அக்காவுக்குத்தான் அதிகப் பெருமை. "அவன் பார்த்து அனுப்பின பாட்டில் ஒண்ணுகூட ஓட்டைன்னு திரும்பி வந்ததில்ல, தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். அவளும் முதல் தடவை கேட்பது போலவே வாயைப் பிளப்பாள்.

அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பார்சல் அலுவலகத்தில் பதினாறு வருஷமாகச் சீட்டு சரிபார்க்கிறாள். அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், எடை, கதவு எண் என்று சீட்டில் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பார்சல் நகராது. கட்டம் ஒன்றை விட்டுவிட்டு, பார்சல் திரும்பி வந்ததும் சண்டைக்கு வந்தவர்களை அவள் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறாள். அதனால் கையில் எந்தப் படிவம் கிடைத்தாலும் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, ஒரு கட்டமும் விடாமல் நிரப்புவாள்.

தொழிற்சாலையில் கேமரா வைத்த இயந்திரம் வந்தது. நாற்காலிக்காரர்கள் ஆறு பேரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். கடைசிச் சம்பளத்தோடு கொடுத்த தாளில், மாத முடிவோடு மருத்துவக் காப்பீடும் முடிகிறது என்று ஒரு வரி இருந்தது. தம்பி அதைப் படிக்கவே இல்லை. அக்காதான் படித்தாள். மறுநாள் விடுப்புப் போட்டு, தொழிலாளர் அலுவலகம் போய் மூன்று கையேடுகளோடு திரும்பினாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அவனை உட்காரவைத்தாள்.

"மூணு வழி இருக்கு. ஒழுங்கா கேளு. ஒண்ணு, கம்பெனிக் காப்பீட்டையே நாம தொடரலாம். ஆனா முதலாளி கட்டின பங்கையும் சேர்த்து நீயேதான் கட்டணும். வேலை போன அறுபது நாளைக்குள்ள எழுதிக் கொடுக்கணும்."

"வேலை போனவன் முதலாளி பங்கையும் கட்டணுமா? ரொம்ப நல்லா இருக்கு."

"குறுக்க பேசாத. ரெண்டாவது, குடும்பத்துல வேலையில இருக்கறவங்க காப்பீட்டுல சேர்ந்துக்கலாம்."

"அப்ப உன்னோடதுல சேர்த்துடு. முடிஞ்சுது கதை."

அக்கா கையேட்டைத் திருப்பி வைத்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "கணவன், மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க. அவ்வளவுதான் போட்டிருக்கு. தம்பி குடும்பத்துல வரமாட்டானாம்."

"பத்து வயசுலேர்ந்து சோறு போட்டு வளர்த்தேன்னு எழுதிக் கொடு."

"அதுக்குக் கட்டம் இல்லடா."

இருவரும் சிரித்தார்கள். மூன்றாவது, வேலை இல்லாதவர்களுக்கான அரசாங்கத் திட்டம். கட்டணம் கிடையாது. விண்ணப்பித்து எட்டு வாரத்தில் அட்டை வரும். அதுதான் சரி என்று அக்கா முடிவு செய்தாள். முடிவும் சரியானதுதான்.

பிறகு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் 'தற்போது பணிபுரியும் நிறுவனமும் முகவரியும்' என்று ஒரு கட்டம் வந்தது. அவள் பாட்டில் தொழிற்சாலையின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, கீழ பொடி எழுத்துல என்னவோ இருக்கு பாரு. வேலையில இல்லாதவங்க இதை நிரப்ப வேண்டாமாம்."

"காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்கடா. நான் பார்க்காததா? கடைசியா நீ வேலை செஞ்ச இடம்தானே அது? பொய்யா எழுதறோம்?"

அவன் ஒரு நொடி அந்தப் பொடி எழுத்தையே பார்த்தான். "சரி. பார்சல் ராணி சொன்னா சரிதான்" என்று எழுந்து போய்விட்டான்.

வாரங்கள் போயின. விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்ததோடு சரி. தம்பி தினமும் வேலை தேடி அலைந்தான். எட்டாவது வாரம், ஊருக்கு வெளியே ஒரு சின்ன பாட்டில் பட்டறையில் ஆள் கேட்டார்கள். கேமரா வாங்க வசதியில்லாத இடம். முதலாளி பத்துப் பாட்டிலை நிறுத்தி எது ஓட்டை என்று கேட்க, இவன் மூன்றைச் சுண்டிவிட்டானாம். இரண்டுதான் ஓட்டை என்று நினைத்திருந்த முதலாளி, மூன்றாவதை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனாராம். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும், அதற்கு முன் கண் பரிசோதனை. அக்கா அன்று பக்கத்து வீட்டுக்காரியைத் தேடிப் போய்ச் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம்தான், தம்பி காலையில் காபியைத் தம்ளரில் ஊற்றும்போது பாதி மேஜையில் ஊற்றுவதை அக்கா பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தான்.

"என்னடா, கழுத்துல பிடிப்பா?"

"ஒண்ணுமில்ல."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

அவன் பார்த்தான். இடது கண்ணால் மட்டும் பார்த்தான். "வலது கண்ணுல முடி மாதிரி ஒண்ணு நீந்திக்கிட்டே இருந்துது. மொதல்ல தம்ளர்லதான் வெடிப்புன்னு நினைச்சேன். அப்புறம் மின்னல் மாதிரி அடிச்சுது. இப்ப ஒரு ஓரத்துலேர்ந்து திரை போட்ட மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாள்."

"பாவி! ஏன் சொல்லல?"

"அட்டை இந்த வாரம் வந்துடும்னு நீதானே சொன்னே. வரட்டும், காட்டிக்கலாம்னு இருந்தேன்."

கண் மருத்துவமனையில் மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், விழித்திரை பிய்ந்திருக்கிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார். சேர்க்கை மேஜையில் அட்டை கேட்டார்கள். அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால், காப்பீட்டு அலுவலகத்தில் தற்காலிகச் சீட்டு வாங்கி வந்தால் போதும் என்றார்கள். தம்பியை அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அக்கா ஓடினாள்.

காப்பீட்டு அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"இது போன மாசமே தள்ளுபடி ஆயிடுச்சே அம்மா."

"எதுக்கு? ஒரு கட்டம்கூட நான் விடலியே!"

"உங்க தம்பி வேலையில இருக்கறதா எழுதியிருக்கீங்க. வேலையில இருக்கறவங்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. கடிதம்கூட அனுப்பியிருக்கோம்."

"எங்களுக்கு ஒண்ணும் வரலியே."

அந்தப் பெண் திரையை மறுபடி பார்த்தாள். "பாட்டில் தொழிற்சாலை முகவரிக்குப் போயிருக்கு. வேலையில இருக்கறவங்களுக்குக் கம்பெனிக்குத்தான் அனுப்புவோம். நீங்க கொடுத்த முகவரிதான்." பிறகு தயங்கி, மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கட்டத்தை மட்டும் சும்மா விட்டிருந்தா அட்டையே வந்திருக்கும் அம்மா."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பழைய கம்பெனிக் காப்பீட்டை நாங்களே கட்டித் தொடரலாம்னு இருக்கே. அதையாவது?"

"வேலை போய் எத்தனை நாள் ஆச்சு?"

அக்கா விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தாள். அறுபத்து நான்கு நாள்.

பார்சல் அலுவலகச் சங்கத்தில் கடன் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று மருத்துவர் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். தம்பி வெகுநேரம் பார்த்தான். "ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுது" என்றான். முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். முதல் தேதி வந்து போயிற்று. பட்டறை முதலாளி நல்லவர். வேறு வேலை இருந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சொல்லி அனுப்பவில்லை.

இன்னொரு கண்ணையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் புதுப் படிவம் வாங்கி வந்தாள் அக்கா. அதே மேஜை, அதே பேனா. இரண்டாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"அன்னிக்கு நீ பார்த்துட்டே. பார்த்துச் சொன்னே."

தம்பி பேனா மூடியை எடுத்து மேஜையில் உருட்டினான்.

"ஏன்டா அடம் பிடிக்கல? பேனாவைப் பிடுங்கியிருக்கக் கூடாதா?"

"நீ எழுதி எது தப்பாப் போயிருக்கு?" என்றான் அவன். குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். பழக்கத்தில் ஜன்னல் பக்கம் உயர்த்தி, வலது கண்ணுக்கு நேரே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினான். பாதியில் நிறுத்தி, இடது பக்கம் மாற்றினான். பிறகு பார்க்காமலே குடித்தான்.

அக்கா குனிந்துகொண்டாள். அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த வரியில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிக்கும்வரை இடது கை அந்தக் காலிக் கட்டத்தின் மேலேயே இருந்தது.