நாற்பத்திரண்டு பெட்டிகளும் ஒரு மன்னிப்பும்

பாளையங்கோட்டையில் இஸ்ரவேலிடம் வம்பு வைத்துக்கொண்ட யாரும் அப்புறம் நிம்மதியாக மைக் பிடித்ததில்லை. முருகன்குறிச்சியில் ‘இஸ்ரவேல் சவுண்ட் சர்வீஸ்’ என்று கடை வைத்திருந்தார். பாபநாசத்தில் ஆடி அமாவாசைக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவதிலிருந்து கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் போடுவது வரை வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் மனுஷனுக்கு மறதி என்பதே கிடையாது. எண்பத்து நாலில் மணிமுத்தாறு பக்கம் ஒரு கல்யாணத்தில் நன்றியுரை சொன்னவர், பந்தல்காரர் பேரைச் சொன்னார், சமையல்காரர் பேரைச் சொன்னார், மைக்செட்காரர் பேரை மட்டும் விட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து அவரே தன் வீட்டு விசேஷத்துக்கு வந்து கூப்பிட்டபோது, “பந்தல்காரரையே பாடச் சொல்லும்வே” என்று இஸ்ரவேல் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவரின் மகளைத்தான் பள்ளிக்கூடத் தாளாளர் அருமைநாயகம் மைக்கில் அவமானப்படுத்தினார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒலிபரப்பு அமைத்துக் கொடுத்ததே இஸ்ரவேல்தான். தொண்ணூற்றாறு மே மாத லீவு முழுக்க ஏணியும் கையுமாக அங்கேயே கிடந்தார். தாளாளர் அறையில் ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து மூன்று கட்டிடத்துக்கும் மூன்று லைன். நாற்பத்திரண்டு வகுப்பறையிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு பெட்டி. வயர் நீளம் போகப் போகச் சத்தம் செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வைத்தார். பிறகு ஒவ்வொரு அறையிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டுச் சத்தத்தைச் சரிபண்ணினார். “பின் பெஞ்சுக்குக் கேக்கலன்னா அது மைக்செட்டே இல்ல” என்பது அவர் கட்சி. மகள் கெத்சியாளின் பிளஸ் டூ வகுப்பில் மட்டும் திருப்தி வராமல் பெட்டியை இரண்டு தரம் கழற்றி மாட்டினார்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை. கெத்சியாளின் காலடியில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. யாருடையது என்று விசாரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் தாளாளர் மைக்கைப் போட்டார். “பன்னிரண்டாம் வகுப்பு கெத்சியாள், இஸ்ரவேல் மகள், காப்பியடித்துப் பிடிபட்டிருக்கிறாள். எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.” எல்கேஜி பிள்ளை வரைக்கும் தெரிந்துகொண்டது. தகப்பன் திருகிய ஆணியில் தொங்கிய பெட்டிதான் மகளின் தலைக்கு மேல் நின்று அதைச் சொல்லிற்று.

நாலே நாளில் பக்கத்து பெஞ்சுப் பெண் தாளாளர் அறைக்கு அழுதுகொண்டு வந்து, சீட்டு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டாள். தாளாளர் இஸ்ரவேலைக் கூப்பிட்டு அறைக்கதவைச் சாத்தினார்.

“தப்பு நடந்துபோச்சு இஸ்ரவேலு. மனசுல வச்சுக்காதயும்.”

“கதவைச் சாத்திட்டுச் சொன்னா எப்படி சார்? மைக்ல சொன்னதை மைக்லயே மாத்திச் சொல்லணும்.”

“தாளாளரே மைக்ல மன்னிப்புக் கேட்டா நாளைக்கு எவன் பயப்படுவான்? போம்வே, போய் வேலையப் பாரும்.”

இஸ்ரவேல் வேலையைத்தான் பார்த்தார். கிறிஸ்துமஸ் லீவில் ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன ரிலேயை வைத்து மூடினார். கேசட்டில் பிரார்த்தனைப் பாட்டுப் போட்டால் நாற்பத்திரண்டு பெட்டியும் பாடும். பெல் அடித்தால் எல்லா அறையிலும் கேட்கும். ஆனால் தாளாளர் மைக் சுவிட்சை அழுத்திய நொடியில் அந்த ரிலே மூன்று லைனையும் அறுத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் முகப்பில் விளக்குகள் பச்சையாக எரியும், தாளாளர் மேஜைமேல் இருக்கும் குட்டிப் பெட்டியில் அவர் குரல் கணீரென்று வரும், வேறெங்கும் வராது. பேசுகிறவரும் கேட்கிறவரும் அவர் ஒருத்தரே.

ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து தினமும் காலையில் பத்து நிமிஷம் அருமைநாயகம் ஒழுக்கத்தைப் பற்றித் தனக்குத்தானே பேசினார். லீவு, பரீட்சை போன்ற சங்கதிகள் சுற்றறிக்கை நோட்டில் போய்விடுவதால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பாட்டு முடிந்ததும் வாத்தியார்கள் பாடத்தை ஆரம்பித்தார்கள். தாளாளர் மைக் ரிப்பேர் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அதைப் போய் அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இஸ்ரவேல் தினமும் காலை ஒன்பதே காலுக்குக் கடையில் டீயை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். ‘பேசும்வே, நல்லாப் பேசும்’ என்று நினைக்கையில் அந்த டீக்குத் தனி ருசி வந்துவிடும். அத்தனை சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவளோ காப்பியடித்தவள் என்ற பேரோடு மத்தியானச் சாப்பாட்டைத் தனியே தின்றுவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை சாயங்காலம் தாளாளரின் ஸ்கூட்டர் கடை முன்னால் நின்றது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மறுநாளோடு வகுப்பு முடிகிறது.

“இஸ்ரவேலு, ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்லை. சர்ச்சுல நடக்குற லெந்துக் கூட்டத்துல போதகர் பேசினது என்னைக் குத்திட்டு. இன்னைக்குக் காலைல மைக்ல சொல்லிட்டேன். கெத்சியாள் பேரைச் சொல்லி, தப்பு என்மேலதான், அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன்னு சொல்லிட்டேன். இப்ப திருப்திதான?”

இஸ்ரவேல் தலையை ஆட்டினார். ஸ்கூட்டர் கிளம்பியதும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

“ஏட்டி, இன்னைக்குப் பெட்டில எதுவும் சொன்னாவளா?”

“பாட்டுப் படிச்சுச்சு. பெறகு ஒண்ணுமில்லப்பா. மைக் ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சே.”

இரண்டு மாசமாகக் காத்திருந்த மன்னிப்பைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறோம் என்று புரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. யாரையும் சும்மா விடாத மனுஷன் தன்னை மட்டும் எப்படி விடுவார்? அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஸ்குரூடிரைவரோடு தாளாளர் அறையில் நின்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அருமைநாயகம் முதலில் நம்பவில்லை. வராந்தாவில் போன ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டார். “ரிப்பேர்னு நெனைச்சோம் சார்” என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். தாளாளர் முகம் சிவந்து கறுத்தது.

“ரெண்டு மாசமா என்னைப் பைத்தியக்காரனா ஆக்கியிருக்கீரு.”

“ஆமா சார். செஞ்சது நான்தான். நேத்துச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லிருங்க. பிள்ளைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

“நான் சொல்லவா? நீரு சொல்லும்வே. நீரு செஞ்ச அயோக்கியத்தனத்தை உம்ம வாயாலயே இந்த மைக்ல சொல்லும். ஒண்ணு விடாமச் சொல்லணும். உம்ம மகளும் கேக்கட்டும். பெறகு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது.”

“ஒண்ணு விடாமச் சொல்லிருதேன் சார்” என்றார் இஸ்ரவேல். பிறகு ஆம்ப்ளிஃபயர் மூடியைப் பையத் திறந்து, ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு, மூன்று லைனையும் பழையபடி முறுக்கினார். ஒன்பதே காலுக்குப் பிரார்த்தனைப் பாட்டு முடிந்ததும் மைக்கைப் போட்டார்.

“நான் பன்னிரண்டாம் வகுப்பு கெத்சியாளோட அப்பா, இஸ்ரவேல். ஜனவரி ரெண்டாம் தேதியிலேர்ந்து தாளாளர் பேசுன எதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காது. லைனை அறுத்துவிட்டது நான்தான். அது பெரிய தப்பு, மன்னிச்சுக்கிடுங்க. அதனால நேத்துக் காலைல தாளாளர் சொன்னதும் உங்க காதுக்கு வரல. ஒண்ணு விடாமச் சொல்லச் சொல்லியிருக்காங்க, அதனால அதையும் சொல்லுதேன். கெத்சியாள் காப்பியடிக்கல. தப்பு தாளாளர் மேலதான். அவகிட்ட அவங்க மன்னிப்புக் கேக்காங்க.”

தாளாளரின் கை சுவிட்சை நோக்கி நகர்ந்தது. பாதியில் நின்றுவிட்டது. சொல்லச் சொன்னவர் அவர், சொன்ன விஷயம் அவருடையது, எந்த வார்த்தையை நிறுத்துவது?

“சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக இன்னொரு தரம் சொல்லுதேன்” என்று இஸ்ரவேல் மறுபடி சொன்னார். பிறகு மூன்றாவது தரமும் சொன்னார். இரண்டு மாசப் பேச்சு காற்றில் போனதும் அதை ஒருத்தரும் தேடாததும் அதற்குள் எல்லா அறைக்கும் உறைத்திருந்தது. மேல்மாடி வகுப்பு ஒன்றில் சிரிப்புக் கிளம்பி, ஜன்னல் ஜன்னலாகப் பரவி, தாளாளர் அறைக்குள்ளேயே வந்தது.

இஸ்ரவேல் மைக்கை அணைத்தார். கும்பிட்டுவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூட வேலை அவருக்கு வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் கெத்சியாள் வந்தாள். கூட இரண்டு பிள்ளைகள் வாசல் வரை வந்து விட்டுப் போனார்கள். பையை இறக்கிவைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“தாளாளர் ஒரு தரம்தான சொல்லியிருப்பாவ. நீங்க ஏம்ப்பா மூணு தரம் சொன்னிய?”

“பின் பெஞ்சுக்குக் கேக்கணும்லா” என்றார் இஸ்ரவேல்.