நான் சொல்லாமல் விட்ட கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் ஆம்பூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். வருஷா வருஷம் எங்கள் பள்ளி மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடக்கும். அந்த வருஷம் அரையிறுதியில் உள்ளூர் ஷூ கம்பெனி டீமும் வேலூரிலிருந்து வந்த கல்லூரி டீமும் மோதின.

கல்லூரி டீமில், ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர் ஒருவர் ஆடினார். அவரை மறித்து ஆடியவன் என் பழைய மாணவன். அப்பா இல்லாத பையன். பந்து நன்றாக ஆடுவான் என்பதற்காகவே கம்பெனியில் வேலை கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் அந்த மாணவர் திடீரென்று திரும்பி, என் பழைய மாணவனைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார். தன்னை அசிங்கமாகத் திட்டியதாக ரெஃப்ரியிடம் சொன்னார். ரெஃப்ரிக்கு எதுவும் காதில் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஊரில் மதிப்புள்ள ஒரு தோல் வியாபாரி. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மாணவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசும் ஆங்கிலம் கமிட்டிக்குப் பிடிபடவில்லை. அதனால் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள்.

"இன்னா வார்த்தை சொன்னான்னு கேளுங்க சார்" என்றார் பாய்.

மாணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குராங்க்" என்றார். மூன்று தடவை சொன்னானாம். அவர் சொன்ன விதத்தில் கமிட்டியில் ஒருவர் சிரித்துவிட்டார்.

என் பழைய மாணவன் தலையைக் குனிந்துகொண்டே, "'குறுக்க வராத'ன்னுதான் சொன்னேன் பாய். பந்துக்குப் போறப்ப எல்லாரும் சொல்றதுதானே" என்றான்.

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மாணவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து நிதானமாக ஒன்று கேட்டார். அவன் சொன்னது அவ்வளவுதான் என்றால், கோட்டுக்கு வெளியே நின்றிருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் எதற்காகச் சிரித்தார்கள்?

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு நானும் வெளியேதான் நின்றிருந்தேன். வார்த்தை என் காதில் விழவில்லை, ஆனால் சிரிப்பு விழுந்தது. குறுக்கே வராதே என்றால் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

"இன்னா சொல்றாரு?" என்று பாய் கேட்டார்.

எதிரே என் பழைய மாணவன் பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தப்பு நிரூபணமானால் கம்பெனி அவனை வைத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். "தன் காதுல விழுந்தது அந்த வார்த்தைதான்னு சொல்றாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சாட்சி இல்லாததால் என் பழைய மாணவன்மேல் நடவடிக்கை இல்லை. கைநீட்டியதற்காக மாணவர் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஆடக் கூடாது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே கேட் பக்கம் மாணவர் எனக்காகக் காத்திருந்தார். தான் கேட்ட கேள்வியை அவர்களிடம் சொன்னேனா என்று விசாரித்தார். சொன்னேன், அவர்களிடம் பதில் இல்லை என்றேன். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கமிட்டி அவசரப்பட்டுவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் என்ன நடந்தது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவனைப் பார்த்தேன். சூப்பர்வைசர் ஆகியிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். அவனாகவே ஆரம்பித்தான்.

"அன்னிக்கு நான் குரங்குன்னுதான் சார் சொன்னேன். அவர் இன்னா கேட்டாருன்னு எனக்கும் புரிஞ்சுது. நீங்கதானே எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தீங்க."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவனே தொடர்ந்தான்.

"நீங்க அதை பாய்கிட்ட சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன் சார். வாய் வரைக்கும் வந்துச்சு. அவர் கையைப் புடிச்சு மன்னிப்பு கேட்டிருப்பேன். நீங்க மாத்திச் சொன்னதும் அப்படியே முழுங்கிட்டேன். வேலை தப்பிச்சுது. ஆனா அதுக்கப்புறம் பந்தைத் தொடவே புடிக்கல."

அவனைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பஸ் ஏறிப் போன பிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

பாய் நியாயமான மனுஷர். அந்தக் கேள்வி காதில் விழுந்திருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி இருந்திருக்கும். எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த மாணவர், ஆம்பூரில் ஒரு வாத்தியார் தனக்காகக் கேள்வி கேட்டார் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார்; அதை நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.